ஒரு சாண் தூரம்

தகர மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் டிராயிங்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களில் மாற்றம் செய்வதுதான் அவள் வேலை. புது இயந்திரம் வாங்க முதலாளிக்கு மனசு வராது. இருப்பதையே வெட்டி, ஒட்டி, நகர்த்தி இன்னும் பத்து வருஷத்துக்கு இழுத்தாக வேண்டும். எதை வெட்டுவது, எதை நகர்த்துவது என்று யோசித்து வரைந்து, பட்டறையில் செய்ய வைத்து, பொருத்தி ஓட்டிப் பார்ப்பாள்.

டிப்ளமா முடித்த கையோடு படம் நகலெடுக்கிற வேலைக்கு வந்தவள். மூன்றாவது வருஷத்தில்தான் அவளுக்கு ஒரு பேர் வந்தது. மூடிகள் போகிற பெல்ட்டில் ஒரு வளைவு. அந்த இடத்தில் பத்தில் ஒரு மூடி கவிழ்ந்துகொள்ளும். கவிழ்ந்ததைத் திருப்பிப் போடுவதற்கென்றே இரண்டு பேர் நாள் முழுக்க அங்கே நின்றார்கள். இவள் ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு முழ நீளத் தகரப் பட்டையை லேசாக வளைத்து ஓரத்தில் திருகச் சொன்னாள். அதோடு மூடிகள் கவிழ்வது நின்றுபோனது.

"ஒரு முழத் தகரம்! இதுக்கா ரெண்டு நாளா டப்பா மேல தவம் கிடந்தீங்க?" என்று குட்டை ஃபிட்டர் கேட்டார். அவர் அந்தத் தொழிற்சாலையின் மூத்த ஃபிட்டர். அவள் வரைவதையெல்லாம் இரும்பில் செய்து கொடுப்பவர்.

அவருக்கு அவளைச் சீண்டாமல் பொழுது போகாது. "டிராயிங்கம்மா மாப்பிள்ளை பாக்கப் போனாக்கூட டேப்பை நீட்டி அளந்துட்டுத்தான் பேசுவாங்க" என்பார்.

"அளந்தேனே. எதுவும் ஃபிட் ஆகலை" என்பாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வரன்கள் வந்தன, போயின, பிறகு வருவது நின்றுவிட்டது.

அவளுக்கு ஒரே தங்கை, எட்டு வயது இளையவள். புருஷன் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு போன பிறகு, ஏழு வயது மகளோடு அக்கா வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தாள். மேலே அக்கா, கீழே தங்கை, நடுவில் பதினான்கு படி. தங்கைக்குப் பிரஸ் பகுதியில் வேலை வாங்கிக் கொடுத்தது அக்காதான். "உன் கண்ணு முன்னாடியே கிடப்பேன். போதுமா?" என்று தங்கை சிரித்தாள். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒருத்தி மாடி அறைக்கு, ஒருத்தி இயந்திரத்துக்கு.

பிரஸ் பகுதியில் ஆறு இயந்திரங்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். தகரத் துண்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, காலால் மிதிக்க வேண்டும். மேலிருந்து இரும்பு அச்சு இறங்கி மூடியை அடித்துத் தள்ளும். அது இறங்குவதற்கு முன் ஒரு கம்பிக் கதவு விழுந்து வழியை அடைக்கும், அடித்து முடிந்ததும் தூக்கிக்கொள்ளும். பாதுகாப்பு அதுதான். கதவு விழுந்து எழுவதற்கு ஒன்றரை வினாடி. அந்த ஒன்றரை வினாடி உற்பத்தி மேனேஜரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"கதவை எடுத்துடுங்க. வேற ஏதாவது பண்ணுங்க. நீங்க நினைச்சா முடியும்" என்றார்.

அவள் யோசித்தது ஒளித்திரை. இயந்திரத்தின் முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு தூண். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் வரிசையாகப் பாயும். நடுவே கை நுழைந்தால் ஒளி அறுபடும், அறுபட்டதும் பிரேக் பிடித்து அச்சு அந்தரத்திலேயே நிற்கும். கதவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் பிரேக் பிடித்த கணமே எந்த இயந்திரமும் நின்றுவிடாது. கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். அந்த நேரத்துக்குள் கை அச்சைத் தொட்டுவிடக் கூடாது. அதனால் தூண்களைத் தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அவள் ஆறு இயந்திரங்களையும் ஒவ்வொன்றாக நாற்பது முறை ஓட்டி நிறுத்தி நேரம் பார்த்தாள். எல்லாம் தேய்ந்த பிரேக். இருப்பதிலேயே மோசமான நேரத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். இருநூற்று நாற்பது மில்லிமீட்டர் வந்தது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். முதலில் அட்டையில் தூண் செய்து நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் படம் போட்டாள்.

தூண்கள் வந்தன. கம்பிக் கதவுகளின் டமடம சத்தம் ஒரே வாரத்தில் அந்தக் கூடத்தை விட்டுப் போனது. முதலாளி கீழே இறங்கி வந்து பார்த்தார். பெண்களுக்கும் சந்தோஷம்தான். ஒரு மாதம் கழித்துத் தோள்வலி ஆரம்பித்தது. தூண்கள் தள்ளி இருப்பதால் ஒவ்வொரு தடவையும் உடம்பைச் சாய்த்துக் கையை முழுசாக நீட்டி, முழுசாக இழுக்க வேண்டியிருந்தது. ஒரு ஷிஃப்டுக்குப் பத்தாயிரம் தடவை.

"தோள்பட்டை கழண்டு விழுதுக்கா. அந்தக் கம்பத்தைக் கொஞ்சம் கிட்டத்துல வைக்கக் கூடாதா?" என்று தங்கையே கேட்டாள், படியில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டே.

"வைக்க முடியாதுடி. கணக்கு இருக்கு."

"உன் கணக்குக்குத் தோள் இருக்கா?"

மேனேஜரும் அதையேதான் கேட்டார், வேறு காரணத்துக்காக. தூண்களைப் பாதித் தூரத்துக்குக் கொண்டு வந்தால் நிமிஷத்துக்கு ஐந்து மூடி கூடும் என்று அவர் பார்த்துவிட்டார். முடியாது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து அவர் அவளுடைய மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புது பிரேக் போட்டா?"

"புது பிரேக் போட்டா பாதித் தூரம் போதும்."

"அப்போ பிரேக்குக்கு எழுதிட்டேன். ரெண்டு மாசத்துல வந்துடும். நீங்க படத்தை மட்டும் இப்பவே மாத்திக் குடுத்துடுங்க. பாவம், அந்தப் பொம்பளைங்க தோளைப் புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. உங்க தங்கச்சியும்தான்."

அவள் படத்தை மாற்றினாள். நூற்று இருபது என்று போட்டு, கீழே ஓரத்தில் குறிப்பு எழுதினாள்: புதிய பிரேக் பொருத்திய பிறகே இந்த அளவு. கையெழுத்துப் போட்டாள். அந்தப் படத்தை நகலெடுத்தபோது தாள் சிறியதாக இருந்தது. அடி ஓரம் விழவில்லை. வேண்டுமென்றே அப்படி எடுத்தார்களா, சோம்பலா என்பது கடைசி வரை அவளுக்குத் தெரியவில்லை. குறிப்பில்லாத நகல் பட்டறைக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை அவள் கீழே இறங்கிப் போனபோது தூண்கள் நகர்ந்திருந்தன.

"பிரேக் வந்துடுச்சா?" என்று குட்டை ஃபிட்டரிடம் கேட்டாள்.

"என்ன பிரேக்?" என்றார் அவர்.

அவள் மேனேஜருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினாள். "வழியில இருக்கு" என்று பதில் வந்தது. இரண்டாவது அனுப்பினாள். பதில் இல்லை. மூன்றாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கி மேஜைமேல் வைத்து, அதன்மேல் தேநீர் கோப்பையை வைத்தார். நான்காவதை அவள் எழுதவில்லை. நாளுக்கு நாள் பார்க்கப் பார்க்க, ஆபத்தும் அறையில் கிடக்கும் நாற்காலி மாதிரி பழகிப் போய்விடுகிறது. நிமிஷத்துக்கு ஐந்து மூடி கூடியதற்காக அவளுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அதைச் சுவரில் மாட்டவில்லை, கிழித்தும் போடவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் தங்கை சொன்னாள்: "அக்கா, என் மிஷின் நின்னதுக்கு அப்புறமும் ஒரு இழுப்பு இழுக்குது. சும்மா கையைக் குறுக்க காட்டிப் பார்த்தேன். டக்குனு நிக்கலை."

"கையை உள்ள விடாத."

"விடலைக்கா. இழுக்குதுன்னு சொல்றேன்."

"சொல்றேன் இல்ல? விடாத." அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் தங்கை அந்த இயந்திரத்தின் முன் நிற்கமாட்டாள், வேலையை விடுவாள், அல்லது கூச்சல் போடுவாள். அப்புறம் யார் கையெழுத்துப் போட்டது என்ற கேள்வி வரும். பஸ் நின்றது. இருவரும் இறங்கினார்கள்.

அதற்குப் பதினெட்டாம் நாள், காலை பதினோரு மணி. அடித்த மூடி ஒன்று தள்ளப்படாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. தங்கை காலால் மிதித்துவிட்டாள். மூடி கிடப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அனிச்சையாகக் கை போனது. ஒளித்திரை வேலை செய்தது. பிரேக்கும் பிடித்தது. அச்சு ஒரு இழுப்பு இழுத்து நின்றது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாவது கணுவோடு போயின.

மாடி அறையில் இருந்தவளுக்கு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. ஆறாவது நின்றதும் எழுந்து ஓடினாள். படி இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்ன என்று. யார் என்றுதான் தெரியவில்லை. தன் தங்கையாக இருக்கக் கூடாது, வேறு யாராவதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினாள். அப்படி நினைத்ததை அவள் பின்னாளில் குட்டை ஃபிட்டரிடம் மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் தங்கை கண்ணைத் திறந்ததும் முதலில் பேசியது வலியைப் பற்றி அல்ல.

"அக்கா, மேனேஜர் வந்துட்டுப் போனார்."

"தெரியும்."

"ஸ்டோர்ல உக்காந்து பாக்குற வேலை போட்டுத் தர்றேன்னார். என் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தா போதுமாம். நீயும் அதையே சொல்லணுமாம்."

"என் படம் பீரோவுல இருக்கு. குறிப்போட இருக்கு. அதை எடுத்து வச்சேன்னா..."

"எடுத்து வச்சா? ரெண்டு பேரும் வீட்ல உக்காரலாம். புள்ளை படிக்குதுக்கா. நீ எதுவும் பேசாத. எனக்காக பேசாத."

அக்கா தலையசைத்தாள். அந்தக் கணத்தில் அவள் முகத்தில் துக்கம் மட்டும் இருக்கவில்லை. மூச்சு விட முடிந்தவளின் ஆறுதலும் வந்து போனது. கண்மூடித் திறப்பதற்குள் அதை மறைத்துவிட்டாள். ஆனால் தங்கை பார்த்துவிட்டாள்.

விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. ஒளித்திரை சரியாக வேலை செய்ததா என்று அக்காவைக் கேட்டார்கள். செய்தது என்றாள். அது உண்மை. தூண்கள் வரைபடப்படி இருந்தனவா என்று கேட்டார்கள். இருந்தன என்றாள். அதுவும் ஒருவகையில் உண்மை. விபத்துக்குக் காரணம் இயக்கியவரின் கவனக்குறைவு என்று தட்டச்சு செய்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தன் பெயரை ஒரு வெள்ளைத் தாளில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாள். எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்தாளாம். மாறவில்லை.

ஸ்டோர் வேலை ஐந்து மாதம் நீடித்தது. ஆறாவது மாதம் புதிய நிர்வாக அதிகாரி ஒருவர் வந்து கோப்புகளைப் புரட்டினார். பாதுகாப்பு விதியை மீறியவர், தன் தவறை ஒப்புக்கொண்டவர் என்று தங்கையின் கோப்பில் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று கடிதம் வந்தது. மேனேஜரைத் தேடிப் போனால், "நான் வாயால சொன்னது, அம்மா. அதெல்லாம் இப்ப என் கையில இல்லை" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா படி இறங்கிப் போனாள். தங்கை இடது கையால் மகளுக்குத் தலைபின்ன முயன்றுகொண்டிருந்தாள். மகளை வெளியே போகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீதானேடி பேசாதன்னு சொன்னே" என்றாள் அக்கா. தங்கை இன்னும் வாயைத் திறக்கவேயில்லை. அதற்குள் அது வந்துவிட்டது.

"ஆமா, சொன்னேன். கையில கட்டோட, ஊசி மயக்கத்துல கிடந்துக்கிட்டுச் சொன்னேன். மிஷின் இழுக்குதுன்னு சொன்னேனே, அது நல்ல தெளிவோட சொன்னது. அதைக் கேட்டியா? பேசாதன்னு சொன்னதை மட்டும் ஒரே தடவையில கேட்டுட்டியே, அக்கா."

அதற்கு மேல் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. தங்கை சீப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மகளைக் கூப்பிட்டாள்.

மறுவாரம் டிராயிங்கம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு, பீரோவிலிருந்த மூலப் படத்தைச் சுருட்டி, விசாரணையில் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தின் நகலோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி வயதானவர், பொறுமைக்காரர். படத்தையும் வாக்குமூலத்தின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"இது?"

"அதுவும் என்னோடதுதான்."

"ரெண்டுல எதும்மா பொய்?"

வாக்குமூலத்தின்மேல் விரலை வைத்தாள். அதை எழுதித் தரச் சொன்னார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நினைவூட்டலை நிறுத்தியதையும் எழுதினாள், பஸ்ஸில் சொல்லாமல் விட்டதையும் எழுதினாள். அதிகாரி முழுவதும் படித்துவிட்டு, "முறைப்படி ஆய்வுக்கு ஆள் வருவாங்க. நாளாகும்" என்றார்.

நாளானது. காத்திருந்த மாதங்களில் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பிரஸ் பகுதியில் இன்னும் ஆறு பெண்கள் அதே தேய்ந்த பிரேக்குகளின் முன் நின்றார்கள். தூண்களைப் பழைய இடத்துக்குத் தள்ள மேனேஜர் சம்மதிக்கவில்லை, பிரேக்கும் வரவில்லை. அதனால் கையே போகத் தேவையில்லாத ஏற்பாடு ஒன்றை வரைந்தாள். உறிஞ்சு குழல்கள் தகரத்தைத் தூக்கி உள்ளே வைக்கும். காற்று மூடியை ஊதித் தள்ளும். நாலு பக்கமும் கம்பி வலை. அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது என்று குட்டை ஃபிட்டர் சொல்வார். இதில் வேகம் மூன்று மடங்கு என்று கணக்குக் காட்டியதும் மேனேஜர் ஒரு வார்த்தை மறுக்காமல் சம்மதித்தார். பிரேக்குக்குக் கிடைக்காதது இதற்கு உடனே கிடைத்தது.

ஆறு இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் போதும் என்றானது. மூன்று ஷிஃப்டிலும் சேர்த்துப் பதினைந்து பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் வாசலில் அவர்களில் ஒருத்தி அவளைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினாள்.

"பத்தும் இருக்கு, டிராயிங்கம்மா. இதை வச்சுக்கிட்டு இனி என்ன பண்றதுன்னு அதையும் ஒரு படம் போட்டுக் குடுத்துடுங்க."

ஆய்வாளர் வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. கையில் அவளுடைய நான்கு பக்கக் கடிதம் இருந்தது. பிரஸ் பகுதியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கம்பி வலையைத் தட்டிப் பார்த்தார்.

"கை போற இடமே இங்க இல்லையே" என்றார். "நல்லா பண்ணியிருக்காங்க. யாரு டிசைன்?"

"இதோ, இவங்கதான்" என்று மேனேஜர் அவளைக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார்.

பழைய ஏற்பாட்டைப் பற்றி, பிரேக்கைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தாள். ஆய்வாளர் கேட்டுக்கொண்டார். ஆனால் அளந்து பார்க்கத் தூண் இல்லை, அது இருந்த ஓட்டைகள்கூட வலையின் கால்களுக்கு அடியில் போய்விட்டன. இயந்திரங்கள் தற்போது பாதுகாப்பாக உள்ளன, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று அறிக்கை வந்தது. மேனேஜர் வேறொரு பெரிய தொழிற்சாலைக்குப் பொறுப்பாளராகப் போனார். அவளை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் தங்கையிடம் போய்ச் சொல்லவாவது ஏதாவது இருந்திருக்கும்.

தங்கை இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் துணிகளுக்கு எண் சீட்டுக் குத்துகிறாள். இடது கையால் எழுதப் பழகிவிட்டாள். வீடு மாறவில்லை. அதே பதினான்கு படி, மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மகள் வந்து சொல்கிறாள்: "பெரியம்மா, தண்ணி டேங்க் நிரம்பிடுச்சாம்." அவள் வாயில் வருவது தங்கையின் வார்த்தை. கேட்கிறவள் அதில் ஒரு "அக்கா"வைத் தேடிப் பார்க்கிறாள். இருப்பதில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டில் இல்லாத நேரம், டிராயிங்கம்மா கீழே போய்ச் சமையலறைக் குழாயைப் பார்த்தாள். உருண்டைத் திருகு. மூன்று விரலால் அதைப் பிடித்துத் திருப்புவது கஷ்டம். மகளிடம் கேட்டு அம்மாவின் கை எவ்வளவு விரியும், எந்தப் பக்கம் சாயும் என்று அளவு வாங்கினாள். அட்டையில் செய்து பார்த்து, பித்தளையில் நீளமான ஒரு கைப்பிடி செய்தாள். முழங்கையால் தொட்டாலே தண்ணீர் வரும். அடுத்த ஞாயிறு தங்கை வெளியே போயிருந்தபோது பொருத்திவிட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டு மேலே வந்தாள்.

அன்று மாலையே கீழே பிளம்பர் வந்த சத்தம் கேட்டது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, கைப்பிடி அவள் வாசலில் பேப்பரில் சுற்றி வைத்திருந்தது. திருகாணிகள் நான்கும் தனியாக ஒரு சின்னக் கவரில். கீழே உருண்டைத் திருகைத் தங்கை உள்ளங்கையால் அழுத்தி, நழுவவிட்டு, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். நாலாவது தடவை தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதுவரை படியிலேயே நின்றிருந்துவிட்டு, அக்கா பஸ்ஸுக்கு நடந்தாள்.